ஓட மனமில்லாதவனின் கைபிடி

றெஜிக்கு ஓட மனமில்லை என்று எங்கள் மோட்டார் சைக்கிள் கழகத் தலைவர் மைக்கில் சொன்னது பொய். வாய் தவறி வந்த சொல் அல்ல. உண்மை தெரிந்த ஆள் தெரிந்தே சொன்ன பொய்.

கழகத்தின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி இப்போதைய பரிசோதகர்கள் என்னைக் கேட்டார்கள். இத்தனை வருடம் ஓட்டங்களுக்கு வண்டி பார்த்துக் கையெழுத்து வைத்த கிழவன் நாலு நல்ல வார்த்தை எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டங்களுக்குப் பரிசோதகர். ஓட்டத்துக்கு முன் வண்டி ஓடத் தகுந்ததா என்று பார்ப்பதும், ஓட்டம் முடிந்தபின் வண்டிக்கு என்ன நடந்தது என்று பார்ப்பதும் என் வேலை. டிப்போவில் தொழில் பழகிய காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒயில் ஊற்றினேன், நட் கழற்றினேன், ஏச்சு வாங்கினேன். எல்லோரும் அப்படித்தான்.

எழுத வேண்டியது எங்கள் போர்மனைப் பற்றி. டிப்போவிலும் அவர்தான் எனக்கு மேல், ஓட்டத் திடலிலும் அவர்தான். ஏச்சு வாங்கினேன் என்றேனே, அது மற்றவர்களிடம். போர்மன் ஏசமாட்டார். வண்டி வந்து நின்றதும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒருமுறை சுற்றி நடப்பார். தொடமாட்டார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"என்ன கண்டனீங்கள்?"

"ஓடினவர் பயந்திட்டார் போலக் கிடக்கு, போர்மன்."

"நான் கேட்டது கண்டதை. நினைச்சதை வீட்டில போய் மனிசிக்குச் சொல்லுங்கோ."

தொழில் பழக வந்தவனையும் நீங்கள் என்றுதான் அழைப்பார். அந்த மரியாதையில் பிழைவிட்டவனுக்குக் காது சுடும்.

அவருடைய முறை இது. ஓடி வந்த வண்டியைக் கழுவ விடக்கூடாது. மூன்று இடங்களைப் பார்த்து மூன்று வரி எழுத வேண்டும். எஞ்சினுக்குள் தீப்பொறி போடும் பிளக்கின் நிறம். முன் பிரேக். வலக் கைபிடி. அக்சிலேற்றரை நன்றாகத் திறந்து ஓடிய வண்டியின் பிளக் வெளிர் மண்ணிறத்தில் இருக்கும். திறக்காமல் இழுத்து வந்திருந்தால் கரி பிடித்திருக்கும். பிரேக்கைப் பார்த்தால் ஓட்டக்காரன் வளைவுகளுக்குள் எப்படிப் போனான் என்று தெரியும். கைபிடிக்கு ஓட்டத்துக்கு முன்பே ஒரு வேலை செய்து வைப்போம். கைபிடி றப்பரை மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டி, றப்பரில் தொடங்கி உள்ளே இருக்கும் குழாய்வரை ஒரு வெள்ளைக் கோடு கீறிவிடுவோம். ஓட்டம் முடிந்து பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் றப்பர் அசையவில்லை. உடைந்திருந்தால், ஓட்டக்காரன் திருப்பிய திருப்பில் றப்பரே குழாயின் மேல் சுற்றியிருக்கிறது.

மூன்று வரியும் ஒன்றையொன்று ஒத்துப்போனால்தான் வாய் திறக்கலாம். ஒரு வரி முரண்பட்டாலும் வண்டியைக் கழற்ற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தலைமன்னார் ஓட்டக்காரர் ஒருவர் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தவர், நடுவில் நின்றுவிட்டார். எஞ்சின் தானாக நின்றது என்றார். போர்மன் குனிந்து பார்த்தார். பெற்றோல் குழாய் பூட்டிக் கிடந்தது. ஓடும்போது அது தானாகப் பூட்டாது. பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். போர்மன் ஒரு விரலால் குழாயைத் திறந்துவிட்டு நிமிர்ந்து, "பிளக் பழுது" என்றார். கூட்டம் போனபிறகு அந்த மனிதரை வேலியடிக்குக் கூட்டிப்போனார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் கேட்டது.

"பயமெண்டால் எனக்குச் சொல்லுங்கோ. அடுத்தமுறை பின்வரிசையில நிப்பாட்டுறன். இதில வெக்கமில்லை."

அவர் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடினார். வண்டி ஒரு மனிதனைப் பற்றி என்ன சொன்னாலும் அது அந்த மனிதனுக்கு மட்டும் உரியது. போர்மன் இதை ஒரு சட்டமாகச் சொன்னதில்லை. செய்து காட்டினார். நான் அதை மறந்தேன். அதற்குத்தான் வருகிறேன்.

இனி ஓஸ் துண்டு, அதாவது றப்பர்க் குழாயில் வெட்டிய துண்டு. கைபிடியைத் திருப்பினால் ஒரு கம்பி இழுபட்டு, காபரேற்றருக்குள் இருக்கும் அடைப்பு மேலே எழும். எழும் அளவுக்குத்தான் எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் போகும். அடைப்புக்கு மேலே உள்ள ஸ்பிரிங்குக்குள் ஒரு சிறு ஓஸ் துண்டைச் செருகிவிட்டால் அடைப்பு முழுவதும் எழாது. எவ்வளவு திருப்பினாலும் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகாது. ஒரு கை முறிந்து ஆறித் திரும்பி வந்த ஒருவர் பயிற்சியின் முதல் நாளே முழுவதும் திறந்து விழுந்து மற்றக் கையையும் உடைத்துக்கொண்டார். அதன்பின் போர்மன் இதைக் கொண்டுவந்தார். திரும்பி வருகிறவர்கள் பயிற்சி ஓட வேண்டியது ஓஸ் துண்டோடுதான்.

ஆனால் ஒளித்து வைக்கும் வேலை இல்லை. ஓஸ் துண்டைப் போடுகிறவர் கிளச் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். உள்ளே ஓஸ் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கழற்றும்போது ஓஸையும் துணியையும் சேர்த்து ஓட்டக்காரனின் கையில் கொடுக்க வேண்டும். சேர்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். போர்மன் செத்துப்போன பிறகு நாங்கள் துணியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

றெஜி விடத்தல்தீவுக் கடற்றொழிலாளி. எங்கள் கழகத்துக்காக மூன்று வருடம் தொடர்ந்து வென்றவன். பிறகு விழுந்து கால் முறிந்தது. கம்பி வைத்தார்கள். இரண்டு வருடம் வண்டி ஏறவில்லை. இந்த வருடம், முருங்கனுக்கு அப்பால் அறுவடை முடிந்த வெளியில் நடந்த ஓட்டத்துக்குத் திரும்பி வந்தான். வண்டி புதியது. தலைவர் தன் மோட்டார் சைக்கிள் கடையிலிருந்து கொடுத்தது. அதைப் பராமரித்தவன் சீலன். முருங்கனில் வண்டி திருத்தும் கராச் வைத்திருக்கிறான். என்னிடம் வேலை பழகியவன்.

அன்று காலை ஒரு விழா வைத்தார்கள். றெஜிக்கு மாலை. தலைவர் கிளச் பிடியிலிருந்த சிவப்புத் துணியைத் தன் கையால் அவிழ்த்து, உயர்த்திக் காட்டி, றெஜியின் கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள். சனம் கைதட்டியது. நானும் கைதட்டினேன். ஓய்வு பெற்றிருந்தாலும் அன்றைக்கு மூத்த பரிசோதகர் என்று என்னை அழைத்திருந்தார்கள். துணி வந்தது, ஓஸ் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையெழுத்து வைத்தேன்.

றெஜி ஒன்பதாவதாக வந்தான். வளைவுகளில் இரண்டு பேரைப் பிடிப்பான். நேர் வழியில் நாலு பேர் அவனைக் கடந்து போவார்கள். பார்க்க எரிச்சலாக இருந்தது. வெயிலில் வந்து நின்ற சனம் கூவத் தொடங்கியது. "றெஜியண்ணை, இறங்கித் தள்ளுங்கோ, கெதியாப் போகலாம்!" என்று ஒருவன் கத்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றினேன். கரி. தடித்த கரி. முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரிக்குப் போகுமுன் தலைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பாஸ், என்ன சொல்லுது?"

எங்கள் பக்கத்தில் மெக்கானிக்குகளைப் பாஸ் என்றுதான் அழைப்பார்கள்.

"திறக்கேல்ல" என்றேன். "நேர் வழியிலயும் திறக்கேல்ல."

"வண்டியில பிழையோ?"

"வண்டி புதுசு. ஆளுக்குத்தான் மனமில்லை."

இதை நான்தான் சொன்னேன். ஒரு வரியை எழுதிவிட்டுச் சொன்னேன். கண்டதைக் கேட்டவரிடம் நினைத்ததைச் சொன்னேன். கைபிடியைப் பார்க்கவில்லை.

பரிசளிப்பில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "டொக்டர்மார் காலைப் பொருத்தலாம். மனத்தைப் பொருத்தேலாது. எங்கட மூத்த பரிசோதகரே வண்டியைப் பாத்துச் சொல்லிட்டார். றெஜிக்கு இனி ஓட மனமில்லையாம். நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். சனம் சிரித்தது. றெஜி மேடைக்குக் கீழே ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். என்னைத்தான் பார்த்தான்.

அந்த வார்த்தை அங்கே நிற்கவில்லை. வெளிமாவட்ட ஓட்டங்களுக்குக் கழகம் அனுப்பும் ஓட்டக்காரர் பட்டியலிலிருந்து றெஜியின் பெயரை எடுக்கும் தீர்மானம் வருகிற பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. காரணம் என்ற இடத்தில் "ஊக்கமின்மை" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஓட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள், பிரஷர் மருந்து எடுக்க முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. சீலனின் கராச்சுக்குள் போனேன். றெஜியின் வண்டி மூலையில் நின்றது. கழுவவில்லை. வயல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தேன்.

வலக் கைபிடியில் வெள்ளைக் கோடு உடைந்திருந்தது. றப்பரில் இருந்த பாதி ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிப் போயிருந்தது. கட்டிய கம்பி றப்பரை வெட்டி உள்ளே இறங்கியிருந்தது. என் வேலைக்காலம் முழுவதிலும் அப்படி ஒரு கைபிடியை நான் கண்டதில்லை.

பிளக், இவன் திறக்கவில்லை என்கிறது. கைபிடி, இவன் கை முறியும்வரை திறந்தான் என்கிறது.

"சீலன், காபரேற்றரைக் கழட்டு."

"என்னத்துக்கு பாஸ் இப்ப? ரீ குடியுங்கோ."

"கழட்டு."

"அதை விடுங்கோ பாஸ். முடிஞ்ச கதை."

"நீ கழட்டுறியோ, நான் கழட்டவோ?"

அவன் ஸ்குறூ டிரைவரை எடுத்தான். மூடியைத் திறந்து கம்பியோடு இழுத்தான். ஸ்பிரிங்குக்குள் கறுப்பு ஓஸ் துண்டு இருந்தது. பெருவிரலின் மேல் கணுவளவு. சீலன் தன் கையில் இருந்ததைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆர் விடச் சொன்னது?"

"தலைவர். ஓட்டத்துக்கு முதல்நாள் வந்து சொன்னவர். ஓஸைக் கழட்டாதை, துணியை நான் அவிழ்க்கிறன் எண்டு. இன்னொருக்கா விழுந்தானெண்டால் அவன்ர பெண்சாதிக்கு முன்னால போய் நிக்க என்னால ஏலாது எண்டவர்."

"றெஜிக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"எனக்கேன் சொல்லேல்ல நீ?"

"நீங்கள் கேக்கேல்லையே பாஸ். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். மாதாவாணை." சீலன் சைவ சமயத்தவன். கத்தோலிக்கரின் மாதா மேல் ஆணை வைக்கும் அளவுக்குப் போயிருந்தான்.

ஓஸ் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்தநாள் விடத்தல்தீவுக்குப் போனேன். கரையில் நாலைந்து பேர் படகு ஒன்றை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். றெஜி கயிற்றின் கடைசியில். முன்னால் நின்றவன் திரும்பி, "மச்சான், இதையாவது மனம் வைச்சு இழு" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். றெஜியும் பல்லைக் காட்டினான். நல்ல சிரிப்பு இல்லை.

அவனைத் தனியே கூப்பிட்டு ஓஸ் துண்டைக் கையில் வைத்தேன். அது என்னவென்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அதை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"இது உள்ளுக்கயோ கிடந்தது?"

"ஓம்."

"ஓட்டத்திலயும்?"

"ஓம்."

ஓஸை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான். பிறகு, "நான் திறந்தனான் பாஸ். திறக்கத் திறக்க அது போகேல்ல. இந்த வண்டியில முதல் ஓடினதும் ஓஸோடதானே, எனக்கு வித்தியாசம் தெரியேல்ல. ரெண்டு வருசத்தில என்ர கைக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சாக்கும் எண்டு நினைச்சன். இரவிரவா அதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்" என்றான்.

நான் பிழை என்மேல் என்றேன். அவன் இல்லை என்று சொல்லவில்லை.

"ஓம். நீங்களும்தான் சொன்னனீங்கள்."

"தலைவரோட நான் கதைக்கிறன்."

"கடைக்குள்ள கதைக்காதேங்கோ பாஸ். என்னைச் சனத்துக்கு முன்னாலதான் சொன்னவர்."

ஆனாலும் நான் முதலில் கடைக்குத்தான் போனேன். ஒரு மனிதனுக்குத் தன் பிழையைத் தானே சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். தலைவர் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். சோடா எடுப்பித்தார். நான் நின்றபடியே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அதையும் எழுதவேண்டும்.

"ஓம் பாஸ், நான்தான் விடச் சொன்னனான். போனமுறை அவன் விழுந்தபோது தூக்கினது நான். எலும்பு வெளியால நிண்டது. அந்தப் பிள்ளை திடலில கிடந்து குழறினதைக் கேட்டனீங்களோ? நான் கேட்டனான். ஓடட்டும், ஆனால் விழாமல் ஓடட்டும் எண்டு நினைச்சன். பிழையோ?"

"அதை அவனுக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் ஓடமாட்டான்."

"ஓடாமல் விட்டிருப்பான். அது அவன்ர விருப்பம். சரி, அதை விடுங்கோ. உள்ளுக்கு ஓஸ் கிடக்கெண்டு தெரிஞ்சுகொண்டு, மனமில்லை எண்டு ஏன் மைக்கில சொன்னனீங்கள்?"

"நான் எங்க சொன்னனான்? நீங்கள் சொன்னதைத்தானே நான் சொன்னனான்."

சோடாவைக் குடிக்காமல் வந்தேன்.

அவருக்கு என் பதில் இது. நான் சொன்னது அறியாமல் சொன்னது. ஒரு பரிசோதகன் அப்படிச் சொல்லக்கூடாது. றெஜிக்கு மனமில்லை என்று நான் சொன்னது பிழை. வண்டியை முழுவதும் பார்க்காமல் சொன்னேன். அவனிடம் சொல்லவேண்டியதை இன்னொருவரிடம் சொன்னேன். ஓஸைக் கண்ணால் காணாமல் கையெழுத்து வைத்தேன். இதை என் பெயரோடு இந்த மலரில் எழுதுகிறேன். இனி எனக்குக் கையெழுத்து வைக்கும் தகுதி இல்லை என்று கழகம் நினைத்தால் சரி.

இளம் பரிசோதகர்களுக்கு இரண்டு வார்த்தை. துணியை நம்பாதீர்கள். மூன்று வரி எழுதுங்கள். வேறு புத்திமதி என்னிடம் இல்லை.

தலைவருக்கு. நீங்கள் ஓஸைக் கழற்றவிடாததை நான் பெரிதாக்கவில்லை. ஒருவன் விழுந்ததைக் கண்டவருக்கு வரும் பயம் அது. றெஜியின் மனைவியும் ஒருவேளை உங்களுக்கு நன்றி சொல்லக்கூடும். நான் கேட்பது வேறு. அவன் கையைக் கட்டிவிட்டு, அவன் கை அசையவில்லை என்று சொல்லிச் சனத்தை ஏன் சிரிக்கவைத்தீர்கள்? இந்த மலரின் முதல் பக்கத்தில் வழக்கம்போல உங்கள் வாழ்த்துச் செய்தி வரும். அதில் இதற்குப் பதில் வேண்டாம். என் வீட்டுக்கு வந்து சொல்லவும் வேண்டாம். பொதுக்கூட்டத்தில், றெஜியின் பெயரை எடுக்கும் தீர்மானத்தை வாசிக்குமுன், அதே மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். அன்று அந்த வண்டிக்குள் என்ன இருந்தது, அது உங்களுக்கு எப்போதிருந்து தெரியும்?

சீலனிடம் குழாயோடு கழற்றி வாங்கிய கைபிடியை நான் கொண்டுவருவேன். றப்பர் சுற்றியபடியே இருக்கிறது. கழுவவில்லை. முன்வரிசையில் றெஜி இருப்பான். அவனைப் பார்த்துச் சொல்லுங்கள்.